முகம் மாறும் இடம்

ஒரு குடும்ப நாவலைத் திரைத் தொடராக எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எதையெல்லாம் வெட்டினீங்க?" என்பதுதான். நாவலைப் படித்தவர்கள் என்றால் குரலில் கவலையே தெரியும். அந்தப் பெரியம்மா இருக்கிறாளா, அந்தக் கடிதம் வருகிறதா என்று கேட்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் திரைக்கதை எழுத உட்கார்ந்தவளுக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தப் பாத்திரத்தின் முகம் எந்த இடத்தில் மாறப்போகிறது? எந்தக் காட்சியோடு பதினேழு வயது நடிகையை அனுப்பிவிட்டு நாற்பது வயது நடிகையை உள்ளே கூப்பிடப்போகிறோம்? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மீதிச் சிக்கல்களில் பாதி தானாகவே அவிழ்ந்துவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நாவலில் ஒரு மனிதரைச் சுமந்து செல்வது அவருடைய பெயர். முதல் பக்கத்தில் பிறந்த குழந்தை 300ஆம் பக்கத்தில் கிழவியாக இருந்தாலும், பெயர் அதேதான் என்பதால் வாசகருக்குச் சந்தேகமே வராது. கிழவியின் முகத்தை வாசகரே வரைந்துகொள்வார். திரையில் பெயர் காதில் விழுந்து போய்விடும், நிற்பது முகம்தான். இரண்டு மூன்று எபிசோடு ஒரு பெண்ணின் கண்ணையும், அவள் கோபத்தை விழுங்கும் விதத்தையும் பார்த்துப் பழகிய ஒருவரிடம், "இனிமேல் இவர்தான் அவள்" என்று வேறொருவரைக் காட்டுகிறோம். பார்ப்பவருக்கு அது ஒரு சின்னச் சாவு மாதிரி. அந்த இழப்புக்கு ஈடாகக் கதை என்ன கொடுக்கிறது என்பதில்தான் இந்த வகைத் தொடர்களின் வெற்றி தோல்வி இருக்கிறது.

இந்த வேலையை ஒப்புக்கொண்ட நாளிலிருந்து, எனக்கு முன்னால் செய்தவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முகத்தை மாற்றவே மாட்டோம் என்பது ஒரு வழி. 1967இல் பிபிசி எடுத்த 'ஃபோர்சைட் சாகா' அப்படிப்பட்டது. ஜான் கால்ஸ்வொர்த்தியின் நாவல் வரிசையை 26 எபிசோடுகளில், கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். கதை 1879இல் தொடங்கி 1926 வரை போகிறது. சோம்ஸ் என்ற முக்கியப் பாத்திரத்தை எரிக் போர்ட்டர் ஒருவரேதான் இளைஞனாகவும் கிழவனாகவும் நடித்தார். பெரும்பாலும் ஸ்டுடியோவுக்குள் எடுத்த, மேடை நாடகத்துக்குப் பக்கத்தில் நிற்கிற தொடர் அது. நரை மேக்கப்பைப் பார்வையாளர் மன்னித்துவிடுவார். முக்கியமாக, 26 எபிசோடு இருந்ததால் அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக வயதாக நேரம் கிடைத்தது. இன்று ஒரு சீசனுக்கு எட்டு எபிசோடு, கேமராவோ தோலின் துவாரம் வரைக்கும் போகிறது. ஒரே முகத்தை நாற்பது வருடம் இழுத்தால் நம் கண் விக்கின் ஓரத்தைத்தான் தேடும்.

இரண்டாவது வழி, உடைத்துவிடுவது. அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்' 1976இல் நாவலாக வந்தது. அடுத்த ஜனவரியிலேயே ஏபிசி தொலைக்காட்சி 23ஆம் தேதியிலிருந்து 30 வரை தொடர்ந்து எட்டு இரவுகள் அதை ஒளிபரப்பியது. குன்டா கின்டேயாக முதலில் வருபவர் லெவார் பர்ட்டன். அப்போது அவர் கல்லூரி மாணவர், நடித்த முதல் பெரிய வேடமே அதுதான். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்ட அந்த இளைஞனைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்து, உன் பெயர் டோபி என்று சொல்லச் சொல்கிறார்கள். மாட்டேன், மாட்டேன் என்று நின்றவன் கடைசியில் சொல்லிவிடுகிறான். அதன் பிறகு கதை வருடங்களைத் தாண்டிப் போகிறது. அங்கே குன்டாவாக நடிப்பவர் ஜான் ஏமோஸ்.

இதை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது. அவன் பெயரை இழந்த பிறகு நாம் அவன் முகத்தை இழக்கிறோம். ஜான் ஏமோஸ் திரைக்கு வரும்போது நம் மனம் அந்தப் பழைய பையனைத் தேடுகிறது. புதியவரின் முகத்தில் அவன் எங்கேயாவது மிச்சமிருக்கிறானா என்று பார்க்கிறது. அடிமை முறை ஒரு மனிதனிடமிருந்து எதை எடுத்தது என்பதை வசனம் எதுவும் இல்லாமல், நடிகரை மாற்றியே சொல்லியாகிவிட்டது. எடுத்தவர்கள் இவ்வளவையும் யோசித்துச் செய்தார்களா, கதையின் நீளம் செய்யவைத்ததா என்பது எனக்கு முக்கியமில்லை. முகம் மாறுவதால் நமக்கு விழும் இந்த அடி நாவலில் இல்லை, இருக்கவும் முடியாது. தழுவல் நாவலோடு ஏதாவது சேர்த்தது என்றால் இங்கேதான் சேர்த்தது.

மூன்றாவது வழி, எல்லா முகத்தையும் ஆரம்பத்திலேயே காட்டிவிடுவது. மின் ஜின் லீயின் 'பச்சிங்கோ' 2017இல் வந்த நாவல். ஜப்பானுக்குக் குடிபோன ஒரு கொரியக் குடும்பத்தின் கதை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1989 வரை நேராக நடந்து போகும். 2022இல் சூ ஹியூ அதைத் தொடராக்கியபோது அந்த நேர்கோட்டைக் கலைத்தார். கதாநாயகி சுன்ஜாவின் இளமையும் 1989இல் அவளுடைய முதுமையும் மாறி மாறி வருகின்றன. சிறுமி, இளம்பெண், பாட்டி என்று மூன்று பேர் நடிக்கிறார்கள். இளம்பெண்ணாக கிம் மின்-ஹா, பாட்டியாக யூன் யோ-ஜங். மூன்று முகங்களும் முதல் எபிசோடிலேயே நமக்குப் பழகிவிடுவதால் முகம் மாறும் வலி இல்லை.

இதனால் என்ன கிடைத்தது என்பதற்கு ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். இளம் சுன்ஜா கல்யாணமாகி ஊரை விட்டுப் போவதற்கு முன், அவளுடைய அம்மா அரும்பாடுபட்டு வெள்ளை அரிசி வாங்கிச் சோறாக்கிப் போடுகிறாள். 1989இல் கிழவியான சுன்ஜா டோக்கியோவில் ஒரு வீட்டில் சோற்றை வாயில் வைத்ததும் அது தன் மண்ணில் விளைந்த அரிசி என்று கண்டுகொண்டு கலங்குகிறாள். நேர்கோட்டில் சொல்லியிருந்தால் இந்த இரண்டுக்கும் நடுவில் பல மணி நேரக் கதை இருந்திருக்கும். கலைத்ததால் ஒன்று இன்னொன்றின் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறது. சப்டைட்டிலிலும் ஒரு அழகு உண்டு. கொரிய மொழி வசனத்துக்கு மஞ்சள், ஜப்பானிய மொழிக்கு நீலம். பேரன் சாலமன் ஒரே வாக்கியத்துக்குள் நிறம் மாறிப் பேசுவான். பாட்டியிடமிருந்து பேரனுக்கு வருவதற்குள் ஒரு குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்பது திரையின் அடிவரியிலேயே தெரிந்துவிடுகிறது.

ஆனால் இழந்ததும் உண்டு, அது சின்ன இழப்பு இல்லை. முதல் எபிசோடிலேயே பாட்டியைக் காட்டிவிட்டதால், அந்தப் பெண் பிழைப்பாளா என்ற கேள்வி போய்விட்டது. நாவலைப் படிக்கும்போது வருடங்கள் ஒவ்வொன்றாக நம்மீது ஏறும். கடைசிப் பக்கங்களுக்கு வரும்போது நாமும் அவளோடு சேர்ந்து கிழவியாகியிருப்போம். அந்தக் களைப்பு தொடரில் இல்லை. தொடரை நான் மிகவும் நேசிக்கிறேன். ஆனாலும் எங்கள் டிஸ்கஷனில் "பச்சிங்கோ மாதிரி முன்னும் பின்னுமாகப் போகலாமா?" என்று கேட்டபோது வேண்டாம் என்று சொன்னதற்கு இதுதான் காரணம். நான் எழுதும் கதைக்கு அந்தக் களைப்பு வேண்டும்.

பெயர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலை கேப்ரியல் கார்சியா மார்க்கேஸ் தன் வாழ்நாளில் திரைக்குத் தரவில்லை. அவருக்குப் பின் குடும்பத்தார் சம்மதித்து, கொலம்பியாவிலேயே, ஸ்பானிஷ் மொழியிலேயே எடுத்த தொடரின் முதல் எட்டு எபிசோடுகள் 2024 டிசம்பரில் வந்தன. அந்த நாவலில் தலைமுறை தலைமுறையாக ஒரே பெயர்கள். அவ்ரேலியானோவும் அர்காதியோவும் வந்துகொண்டே இருப்பார்கள். 17 அவ்ரேலியானோக்கள் ஒரே தகப்பனின் பிள்ளைகள். படிக்கும்போது இது எந்த அவ்ரேலியானோ என்று முன்பக்கம் திருப்பி வம்சாவளிப் படத்தைப் பார்க்காதவர் யார்? அந்தக் குழப்பம்தான் நாவல் சொல்ல வந்ததே. இந்தக் குடும்பம் திரும்பத் திரும்ப ஒரே தவறுக்குள் பிறக்கிறது. திரையில் ஒவ்வொருவருக்கும் ஒரு முகம் வந்ததும் குழப்பம் தீர்ந்துவிடுகிறது, கூடவே அந்தச் சுழற்சியும் கொஞ்சம் தேய்ந்துவிடுகிறது. பின்னணிக் குரலை வைத்து அதை மீட்கப் பார்த்திருக்கிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் பெயரால் கட்டிய நாவலை முகங்களால் திரும்பக் கட்டும்போது சுவர் வேறு இடத்தில்தான் நிற்கும் என்பதை அந்த எட்டு எபிசோடுகளையும் பார்த்தபோது தெளிவாக உணர்ந்தேன்.

சரி, என் வேலைக்கு வருகிறேன். நாவலின் பெயரைச் சொல்ல ஒப்பந்தம் இடம் தராது. நான்கு தலைமுறை, ஒரே வீடு, எட்டு எபிசோடு.

ஒன்லைன், அதாவது காட்சிகளின் சுருக்க வரிசை, எழுதுவதற்கு முன்னால் சுவரில் ஒரு பெரிய சார்ட் ஒட்டினேன். மேலிருந்து கீழே வருடங்கள், இடமிருந்து வலமாகப் பாத்திரங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் அந்த வருடம் அவர்களுடைய வயது. நாவலாசிரியர் எங்கேயும் வயதை இப்படி வரிசையாகச் சொல்லியிருக்க மாட்டார், சொல்லவும் தேவையில்லை. ஆனால் இந்தச் சார்ட் இல்லாமல் எழுதினால், ஷூட்டிங் நேரத்தில் முப்பத்தைந்து வயது நடிகை முப்பது வயது நடிகரை "மகனே" என்று கூப்பிட்டுக்கொண்டு நிற்பார். அப்போது யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. எந்த வருடத்தில் யாருடைய முகத்தை மாற்றுவது என்று சிவப்புக் கோடு போட்டேன். போட்டுப் பார்த்ததும் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. சில வருடங்களில் எல்லோருக்கும் சேர்த்தே கோடு விழுகிறது. கதையில் பெரிய இடைவெளி வரும் இடங்கள் அவை. "15 வருடங்களுக்குப் பிறகு" என்று எழுத்துப் போட்டு எல்லா முகத்தையும் ஒரே வெட்டில் மாற்றுவது எளிது. மெகா சீரியல்களில் பார்த்திருப்போம்.

அதைச் செய்யக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். நடக்கும்போது ஒரு கால் எடுத்து வைக்க இன்னொரு கால் தரையில் இருக்க வேண்டும். அதே போல ஒரு முகம் மாறும்போது பக்கத்தில் ஒரு முகமாவது மாறாமல் நிற்க வேண்டும். பழைய முகம் புதிய முகத்தைப் பார்க்கிற விதத்தில்தான் "ஆமாம், இவள் அவள்தான்" என்று நமக்கு உறுதி கிடைக்கிறது. அம்மா அதே அம்மா, அவள் கூப்பிடுகிற பெயரும் அதே பெயர், திரும்பிப் பார்க்கிறவள் மட்டும் வேறு நடிகை. அந்த அம்மாவின் பார்வையில் துளிக்கூட ஆச்சரியம் இல்லை என்றால் நமக்கும் இருக்காது. அப்புறம் இரண்டு எபிசோடு தள்ளி அம்மாவின் முகம் மாறும்போது, மகள் நின்று சாட்சி சொல்வாள். இந்த விதிக்காகச் சில நிகழ்ச்சிகளை நாவலில் இருக்கும் வருடத்திலிருந்து முன்னே பின்னே நகர்த்த வேண்டியிருந்தது. நாவலாசிரியரிடம் காரணத்தைச் சொன்னேன், சார்ட்டையும் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "என் ஜனங்களோட வயசை இப்பத்தான் நானே தெரிஞ்சுக்கறேன்" என்றார்.

இதிலேயே எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்ததும் மிகவும் பிடித்ததும் ஒரே இடம்தான். நாவலில் இரண்டாம் தலைமுறையில் அண்ணன், தம்பி. ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அப்பா போட்ட ஒரு கையெழுத்தைப் பற்றிச் சண்டை வருகிறது. அதற்குப் பிறகு 11 வருடம் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை என்று ஒரே வாக்கியம். அடுத்த அத்தியாயம் அண்ணனின் மரணத்தில் தொடங்குகிறது.

எழுதுபவருக்கு 11 வருடம் என்பது ஒரு வரி. எங்களுக்கோ அதைவிட விலை கூடிய பொருள் கிடையாது. திரைக்கதையில் ஒரு பக்கம் சுமாராக ஒரு நிமிடம் என்பது கணக்கு. 50 நிமிடமாக எட்டு எபிசோடு என்றால் 400 பக்கம், 500 பக்க நாவலுக்குத் தாராளமாகப் போதும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். ஆனால் நாவல் இருபது பக்கத்துக்கு ஒரு மாலைப்பொழுதைச் சொல்லிவிட்டு ஒரு வரியில் 11 வருடத்தைத் தாண்டும். அந்த ஒரு வரியைத் தாண்ட எங்களுக்கு எத்தனை பக்கம் வேண்டும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

டிஸ்கஷனில் முதலில் வந்த யோசனை மான்டேஜ். மழை, வெயில், நாட்காட்டி, பின்னணியில் ஒரு பாட்டு. அடுத்தது, வீட்டின் நடுவே சுவர் எழுப்புவது. சுவர் எனக்கு ஒப்பவில்லை. அது சண்டையைக் காட்டும், காலத்தைக் காட்டாது. கட்டி முடித்த மறுநாளும் பதினோராம் வருடமும் சுவர் சுவர்தான்.

நாவலைத் திரும்பப் படித்தபோது பல பக்கங்கள் தள்ளி, போகிற போக்கில் ஒரு வாக்கியம் கிடைத்தது. சின்ன வயதில் அண்ணனின் மகள்தான் இரண்டு பேருக்கும் இடையில் சேதி சொல்லிக்கொண்டிருந்தாளாம். ஆசிரியர் அதை ஒரு நினைவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று காட்சிகள் எழுதினேன். முதலாவதில் அவளுக்கு ஆறு வயது. "சித்தப்பா, சாவி எங்கேன்னு அப்பா கேக்கறார்." அப்பாவின் சிடுசிடுப்பைக்கூட அப்படியே கொண்டுபோய்க் கொடுக்கிறாள். பதிலையும் அதே போலக் கொண்டுவருகிறாள். அவளுக்கு இது விளையாட்டு, ஓட்டமும் சிரிப்புமாக இருக்கிறாள். இரண்டாவதில் பத்து வயது. அப்பா, "அந்த ஆளு என் விஷயத்துல தலையிட வேண்டாம்னு சொல்லு" என்கிறார். அவள் நடையைக் கடந்து போய்ச் சித்தப்பா முன்னால் நின்று, ஒரு நொடி யோசித்து, "அப்பா பாத்துக்கறேன்னு சொன்னார்" என்கிறாள். முதல் பொய். யாருக்கும் தெரியாது, பார்ப்பவர்களுக்கு மட்டும் தெரியும். மூன்றாவதில் பதினேழு வயது. இப்போது அப்பா ஒன்றுமே சொல்வதில்லை, நிமிர்ந்து பார்க்கிறார், அவ்வளவுதான். சித்தப்பாவிடம் போய் அவர் என்ன சொல்லியிருக்க வேண்டுமோ அதை அவளே சொல்கிறாள்.

பத்துக்கும் பதினேழுக்கும் நடுவில் நடிகை மாற வேண்டும். பத்து வயதுப் பெண் அப்பாவின் அறையிலிருந்து நடைக்குள் நுழைகிறாள், மறுபக்கம் பதினேழு வயதுப் பெண்ணாக வெளியே வருகிறாள் என்று ஒரே ஷாட்டில் எடுக்கலாம் என்றார் ஒருவர். அழகாக இருக்கும், கைதட்டல் கிடைக்கும். ஆனால் அந்த நொடியில் எல்லோரும் டைரக்டரைத்தான் பாராட்டுவார்கள், பெண்ணை மறந்துவிடுவார்கள். அதனால் இப்படி எழுதினேன். சித்தப்பா ஏதோ வேலையாகக் குனிந்திருக்கிறார். காலடிச் சத்தம். நிமிராமலே அவள் பெயரைச் சொல்லி, "என்னவாம் உங்கப்பனுக்கு?" என்று கேட்டுவிட்டு நிமிர்கிறார். வாசலில் பெரிய பெண் நிற்கிறாள். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை, தினமும் பார்க்கிற முகம்தானே. அவருக்கு அவளைத் தெரிந்திருப்பதால் நமக்கும் தெரிந்துவிடுகிறது. அவருடைய காதோர நரைதான் எத்தனை வருடம் போயிற்று என்று சொல்லும்.

மூன்று காட்சியும் சேர்ந்து ஆறேழு பக்கம். இதனால் மூன்றாம் தலைமுறைக் கதைக்கே ஒரு அடித்தளம் கிடைத்துவிட்டது. அந்தப் பெண்தான் பிறகு, தனக்கு வேண்டியதை யாரிடமும் நேராகக் கேட்கத் தெரியாத மனைவியாகவும் அம்மாவாகவும் ஆகிறாள். நாவல் அவளுடைய அந்தக் குணத்தை விவரித்துச் சொல்கிறது. இங்கே அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தவர்களுக்கு விவரிப்பே தேவைப்படாது.

வெட்டியதைப் பற்றியும் கேட்பீர்கள். ஒரு பெரியம்மாவை எடுத்துவிடச் சொல்லி நெருக்கடி வந்தது. அவளுக்கென்று தனிக் கதை இல்லை, அவள் இருப்பதால் எதுவும் நடப்பதும் இல்லை என்றார்கள். நான் விடவில்லை. நான்கு தலைமுறைக் கதையில் எதுவும் செய்யாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தி வேண்டும். மற்ற முகங்கள் மாறும்போதெல்லாம் மாறாமல் நின்று சாட்சி சொல்ல அவளைவிட்டால் யார் இருக்கிறார்கள்? அதற்குப் பதிலாக இரண்டு மாமாக்களை ஒருவராக்கினேன், ஒரு வழக்கை எடுத்துவிட்டேன்.

இப்போது வாதம் கடைசித் தலைமுறையில் நிற்கிறது. கொள்ளுப்பேத்திக்கு ஒரு பழைய டைரி கிடைத்து, குடும்பத்தில் நடந்ததெல்லாம் தெரிந்து, அழுது, எல்லோரையும் மன்னிக்க வேண்டும் என்பது தயாரிப்புத் தரப்பின் விருப்பம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு எதுவும் தெரியக்கூடாது. நான்கு பேருடைய வாழ்க்கையிலும் கூட இருந்தது பார்வையாளர் மட்டும்தான். ஆறு வயதில் சாவி கேட்டு ஓடிய குழந்தையை அவர் பார்த்திருக்கிறார், கொள்ளுப்பேத்தி பார்த்ததில்லை. அவள் ஏன் போனில் ஒரு வாக்கியத்தை மூன்று முறை அடித்து அழிக்கிறாள் என்று அவளுக்கே தெரியாது, நமக்குத் தெரியும். அந்தத் தெரிதலை ஒரு டைரியைக் கொடுத்து அவளுக்கும் பங்கு வைத்துவிட்டால், எட்டு எபிசோடு உட்கார்ந்து பார்த்தவருக்கு என்ன மிச்சம்?

இன்னொரு கோரிக்கையையும் வைத்திருக்கிறேன். ஷெட்யூல் போடுபவர்கள் லொகேஷன் பார்த்துத்தான் போடுவார்கள், ஒரே வீடு என்பதால் எல்லாத் தலைமுறையையும் கலந்து எடுத்தால் செலவு குறையும். அப்படிச் செய்யாமல் ஆறு வயதுப் பெண்ணின் காட்சிகளை முதலில் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் ஓடுவதையும், பொய் சொல்வதற்கு முன் அந்தப் பத்து வயதுக் குழந்தை என்ன செய்கிறாள் என்பதையும், பதினேழு வயதாக நடிக்கப்போகிறவர் மானிட்டரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவரைப் பார்த்து நாற்பது வயது நடிகை எடுத்துக்கொள்ள வேண்டும். பட்ஜெட் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். வரும் வாரம் பதில் வரும்.